அக்கரைக் கூட்டாளி: நெடுநாள் மூட்டு நோயும் நட்புப் பயணமும்

நெடுநாள் மூட்டு நோய் வந்தவர் எல்லாப் பயணங்களையும் ஒரே அளவில் குறைத்துக்கொள்வதில்லை. மாதாந்தக் கிளினிக் நிற்பதில்லை; மழையோ வெயிலோ, கொப்பியும் கையுமாகப் போய்விடுகிறார். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. கலியாண வீட்டுக்கும் கோயில் சடங்குக்கும் மகளோ மருமகனோ ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போகிறார்கள். முதலில் விடுபட்டுப்போவது, காரணம் சொல்லமுடியாத பயணம்தான்: பழைய கூட்டாளி ஒருவரின் வீட்டுக்குப் போய், விறாந்தையில் இருந்து, ஒரு பொழுது கதைத்துவிட்டு வருவது. அது கடமையில் சேராது, அவசரத்திலும் சேராது. ஆகவே ‘பிறகு போகலாம்’ என்று தள்ளிவைக்கப்படுகிறது. நோயோ பிறகு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கால் முற்றாக முடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கூட்டாளிகள் கைவிட்டுப் போகிறார்கள்.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் இந்த இழப்புக்கு நிலமே பாதிக் காரணம். வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவி, ஊர்களை இரண்டு கரைகளாக்கி வைத்திருக்கிறது. கடலோரம் எழுவான்கரை; வயல் சூழ்ந்த உள்நிலம் படுவான்கரை. நேர்க்கோட்டில் பார்த்தால் அக்கரை வீட்டுக் கூரை தெரியும் தூரம். வீதியால் சுற்றிப் போனால் அரை நாள். வலையிறவு, பட்டிருப்பு, மண்முனை ஆகிய இடங்களில் பாலங்கள் உண்டு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில், அம்பிலாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில், வடக்கே சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையில் மக்கள் நெடுங்காலமாக நம்பியிருப்பது ‘பாதை’யை. வண்டியும் ஆட்களும் ஒன்றாக ஏறிக் கடக்கும் அந்தத் தட்டையான மிதவைக்கு இங்குள்ள பெயர் அதுதான்.

நிலத்தோடு வரலாறும் சேர்ந்துகொண்டது. போர்க்காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும் இருந்தன. 2007இல்தான் அந்த நிலை முடிந்தது. அதுவரை மண்முனைத் துறையைக் கடப்பது சோதனைச் சாவடியைக் கடப்பதாகவும் இருந்தது. ஒரே வகுப்பில் வாங்கு பகிர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் காணவில்லை. 1990இன் வன்செயல்கள் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையே இருந்த போக்குவரத்தையும் நீண்டகாலம் அறுத்துப்போட்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி போன்ற கரையோர ஊர்களின் குடும்பங்களை வேறு இடங்களுக்குப் பெயர்த்தது. பின்னர் வழி திறந்தது: கல்லடியில் 1924இன் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம், 2014இல் மண்முனைப் பாலம். ஆனால் பிரிவின்போது நாற்பது வயதில் இருந்தவர் அதற்குள் அறுபதைத் தாண்டிவிட்டார். பாலம் வந்தது, முழங்கால் போய்விட்டது. இந்தத் தலைமுறையின் சோகம் இதுவென்றால் மிகையில்லை.

மூன்றாவது காரணம் குடும்ப அமைப்பு. மட்டக்களப்புத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ‘குடி’ என்னும் குலப்பிரிவு தாய்வழி வருகிறது; வீடு மகளுக்குச் சீதனமாகிறது; மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியிருக்கிறார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இந்த அமைப்பை ஆராய்ந்து 2008இல் விரிவான நூலாக வெளியிட்டார். மூட்டு நோயோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரியும். பெண் பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே, சகோதரிகளின் வீடுகளுக்கு நடுவில் முதுமையடைகிறார். அவருடைய இளமைச் சிநேகிதிகளில் சிலராவது இரண்டு வளவு தள்ளி இருப்பார்கள். ஆணோ கலியாணத்தோடு ஊர் மாறியவர். கூடப் படித்தவன் களுதாவளையில், கூட வயல் வெட்டியவன் கொக்கட்டிச்சோலையில், பந்து விளையாடியவன் வந்தாறுமூலையில் என்று கூட்டாளிகள் சிதறிக் கிடக்கிறார்கள். பெண்ணுக்கு வேலியைத் தாண்டினால் கிடைக்கும் நட்புக்கு ஆண் வாவியைத் தாண்டவேண்டும். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. ஆனால் மூட்டு நோயால் தனிமைப்பட்டு விறாந்தையில் தெருவைப் பார்த்தபடி இருப்பவர்களில் ஆண்களை இங்கே நிறையக் காணலாம்.

மூட்டு நோவு என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. எது என்பதைப் பொறுத்துப் பயணத்தின் நேரமும் முறையும் மாறும். மிகப் பரவலானது தேய்மானத்தோடு வரும் மூட்டுவாதம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு அது இருந்தது; முழங்காலே அதன் முதல் இலக்கு. காலையில் சிறிது நேர விறைப்பு, பிறகு நடக்க நடக்க ஏறும் நோவு என்பது அதன் போக்கு. முடக்குவாதம் வேறு: உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. இரு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒருசேர வீங்கும். காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நீடிக்கும். களைப்பு நோவுக்குச் சமமாக வாட்டும். யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட் நோய் இரவோடிரவாகப் பெருவிரலைச் சிவக்க வைக்கும். இவற்றோடு சிக்குன்குனியாவையும் சேர்க்கவேண்டும். 2006இன் கடைசி மாதங்களில் அது இலங்கையில் பரவியபோது கிழக்குக் கரையும் தப்பவில்லை. காய்ச்சல் சில நாளில் போய்விடும். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் உளைவு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

இதிலிருந்து பயண நேரத்தைக் கணிக்கலாம். முடக்குவாதம் உள்ளவரை விடியக் காலை பஸ்ஸுக்கு எழுப்புவது தவறு. கைகால் வசப்பட ஒன்பது, பத்து மணியாகும். தேய்மானம் உள்ளவருக்குக் காலைதான் நல்ல நேரம். பிற்பகலுக்குள் அன்றைய நடை தீர்ந்துவிடும். முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மெதொட்ரெக்சேற் குளிசை கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுப்பது. அதை எடுத்த மறுநாள் சிலருக்குக் குமட்டலும் சோர்வும் இருக்கும். அந்த நாளைப் பயணத்துக்கு வைக்கக்கூடாது. கிளினிக்குக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ போகிற அன்றே பக்கத்தில் உள்ள கூட்டாளியையும் பார்த்துவிடலாம் என்று வீட்டார் திட்டமிடுவது வழக்கம். பணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் வாங்கில் அரை நாள் காத்திருந்து, இரத்தம் கொடுத்து, மருந்து வரிசையில் நின்றவரிடம் கதைக்க என்ன தெம்பு இருக்கும்? நட்புக்கு மிச்சம்மீதியைக் கொடுக்கும் திட்டம் அது. தனி நாள் ஒதுக்குவதே முறை.

துறையில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் பயணத்தின் உண்மையான இடர் எங்கே என்பது தெரியும். பாதை கரையில் வந்து முட்டியதும் மோட்டார் சைக்கிள்கள்தான் முதலில் ஏறுகின்றன. கரைக்கும் மிதவைக்கும் இடையில் ஒரு சரிவு. மழை நாளில் அதன்மேல் சேறும் நீரும். நல்ல காலுள்ளவர் இரண்டே எட்டில் தாண்டிவிடுவார். முழங்கால் தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். சரிவில் இறங்கும்போது உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட சுமை முழங்காலில் விழுகிறது. மேலே ஏறியபின் இருக்க இடமில்லை. வாகனங்களுக்கு நடுவில், ஓரக் கம்பியைப் பிடித்தபடி நிற்கவேண்டும். விரல் மூட்டு வீங்கியவருக்கு அந்தக் கம்பியை இறுகப் பிடிப்பதே நோவு. இதற்குத் தீர்வுகள் சிறியவை. எல்லாரும் ஏறியபின் கடைசியாக ஏறி, எல்லாரும் இறங்கியபின் இறங்குவது. நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பொல்லைப் பிடிப்பது. நோவுள்ள பக்கத்திலேயே பிடிக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும் அதனால் பாரம் குறையாது. சரிவிலும் படியிலும் ஏறும்போது நல்ல காலை முதலில் வைப்பது, இறங்கும்போது நோவுள்ள காலை முதலில் வைப்பது. மடித்து எடுத்துப்போகும் ஒரு சிறிய முக்காலி இருந்தால் துறையில் காத்திருக்கும் நேரத்திலும் உதவும். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது விரைவானது என்றாலும், காலைத் தூக்கிப்போட்டு ஏறமுடியாதவருக்கு ஓட்டோவே ஏற்றது. தூரம் அதிகமென்றால் பாலத்தால் சுற்றிப்போகும் பஸ்ஸில், முன் இருக்கை கிடைக்கும் நேரமாகப் பார்த்து ஏறுவது நல்லது.

பயணத்தின் மறுபாதி போய்ச் சேர்ந்த வீட்டில் நடக்கிறது. இங்கே பொறுப்பு பெரிதும் வீட்டுக்காரருடையது. பழைய சிநேகிதம் என்றால் பாய் விரித்து நிலத்தில் இருந்து கதைப்பதுதான் இங்குள்ள பழக்கம். கதிரை அந்நியருக்கும் உத்தியோகத்தருக்கும் என்ற எண்ணம் மூத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. வந்தவர் அந்த மரியாதையை உடைக்க விரும்பாமல், நோவைச் சொல்லாமல், பாயில் இருந்துவிடுகிறார். இருப்பது ஒருவாறு முடியும், எழும்புவதுதான் முடியாது. குந்தி எழும்ப முழங்கால் 120 பாகைக்கு மேல் மடியவேண்டும்; கதிரையிலிருந்து எழும்ப ஏறக்குறைய 90 பாகை போதும். கையூன்றிப் புரண்டு, தூணைப் பிடித்து, நாலு பேர் பார்க்க எழும்பவேண்டிய அந்த ஒரு நிமிட வெட்கமே பலரை அடுத்தமுறை வரவிடாமல் செய்கிறது. கைப்பிடியுள்ள, சற்று உயர்ந்த கதிரையை அவர் வருவதற்கு முன்பே போட்டுவைப்பதும், வீட்டுக்காரரும் இன்னொரு கதிரையில் இருப்பதும் இந்த வெட்கத்தை முளையிலேயே நீக்கிவிடும். “கீழ இரிக்க வேணாம் மச்சாள், கதிர போட்டிரிக்கன்” என்று சொல்லிவிட்டால் போதும். நோயைப் பற்றி வேறு பேச்சே தேவைப்படாது. முழங்கால் தேய்ந்தவர் ஒரே இருப்பில் நெடுநேரம் இருந்தால் மூட்டு இறுகிவிடும். கிணற்றடியையும் தென்னம்பிள்ளையையும் காட்டுவதுபோல அரை மணிக்கு ஒருமுறை வளவுக்குள் நாலு எட்டு நடத்திக் கூட்டிவருவது நல்ல உபசாரம்.

மலசலகூடத்தைப் பற்றிப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். பல வீடுகளில் குந்தி இருக்கும் வகைதான் உண்டு. அதில் இருக்கமுடியாதவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் புறப்படுகிறார். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி வெயிலில் அது ஆபத்தான சிக்கனம். வலிகொல்லிக் குளிசை எடுப்பவருக்கு நீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நடுவில் ஓட்டையுள்ள பிளாத்திக்குக் கதிரை ஒன்றை மலசலகூடத்தின் மேலே வைத்தாலே பிரச்சினை தீரும். கூட்டாளிகளில் ஒருவருடைய வீட்டிலாவது கொமட் இருந்தால் மற்றவர்களும் அங்கே வந்து கூடுவது என்று ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

வெற்றிலை வட்டா வராமல் வருகை நிறைவதில்லை. முடக்குவாதம் வந்த கைக்குப் பாக்குவெட்டி எதிரி. கட்டைவிரலையும் உள்ளங்கையையும் சேர்த்து இறுக்கினால்தான் அலகு பாக்கில் இறங்கும். வீங்கிய மூட்டில் அந்த இறுக்கம் தோள்வரை உறைக்கும். வெற்றிலையைத் துடைத்து, நரம்பு கிள்ளி, பாக்கைச் சீவிக் கூட்டாளியின் கையில் கொடுப்பது ஒரு காலத்தில் வந்தவர் செய்த வேலையென்றால், இப்போது வீட்டுக்காரர் பேசிக்கொண்டே அதைச் செய்து கொடுக்கலாம். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவதால், புகையிலையை வட்டாவிலிருந்து எடுத்துவிடுவதும் பாக்கைக் கைவிடுவதும் இன்னும் நல்லது. தேத்தண்ணியைக் காது சிறிய பீங்கான் கோப்பையில் கொடுப்பதைவிட, இரு கையாலும் பிடிக்கக்கூடிய பெரிய குவளையில் அரைவாசி ஊற்றிக் கொடுப்பது உதவும். சாப்பாட்டில் ‘வாதப் பண்டம்’ என்று கிழங்கையும் வாழைக்காயையும் எல்லா மூட்டு நோயாளருக்கும் விலக்குவதற்கு உறுதியான சான்று இல்லை. கவுட் உள்ளவரின் நிலை மட்டும் வேறு. வாவி நண்டும் இறாலும் விருந்தின் சிறப்பு என்றாலும் அவருக்கு அவற்றை அள்ளிப் போடக்கூடாது. ஆண்கள் கூடும் இடத்தில் சாராயப் போத்தல் தலைகாட்டினால், மெதொட்ரெக்சேற் எடுப்பவரை ‘ஒண்டுதானே’ என்று வற்புறுத்துவது நட்பாகாது. அந்த மருந்தும் மதுவும் சேர்ந்து ஈரலைத் தாக்கும்.

பருவமும் கணக்கில் வரவேண்டும். மட்டக்களப்பின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையில் பெய்கிறது. அந்த மாதங்களில் படுவான்கரை வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும், பாதையும் சில நாட்கள் ஓடாது. மழையும் குளிரும் மூட்டு நோவைக் கூட்டும் என்பது நோயாளர் பலரின் அனுபவம். ஆய்வுகள் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. எப்படியானாலும் மாசி முதல் வைகாசி வரைதான் வாவி கடக்க உகந்த காலம். சித்திரைப் புத்தாண்டும், வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கும் அதற்குள் வருகின்றன. வெளியூரில் இருப்பவர்களும் அப்போது ஊர் திரும்புவதால், ஒரே பயணத்தில் பலரைக் காணலாம். சடங்கு நாளின் சனநெரிசலுக்குள் போகாமல் முதல் நாளோ மறுநாளோ போனால் ஆறுதலாக இருந்து கதைக்கமுடியும்.

ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருபவரே மூட்டு நோயாளராக இருந்தால் சிக்கல் வேறு வடிவெடுக்கும். அவர்கள் பெரும்பாலும் வருவது யூலை, ஓகஸ்ட் விடுமுறையில், ஆடி அமாவாசையில் வரும் மாமாங்கக் கோயில் தீர்த்தத்தை ஒட்டி. மூன்று கிழமைக்குள் முப்பது வீட்டு அழைப்பு. ஒரு நாளைக்கு ஒரு வீடு, இரண்டு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் என்று வரும்போதே அறிவித்துவிட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். முதல் கிழமையில் எல்லாருக்கும் ஓம் சொல்லிவிட்டு இரண்டாம் கிழமையில் படுத்துவிட்டால்தான் மனத்தாங்கல் வரும். அடலிமுமாப், எட்டனர்செப்ற் போன்ற ஊசி மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டும். மின்வெட்டு வரும் கிராமத்தில் தங்குவதானால் குளிர்ப்பையும், விமான நிலையத்தில் காட்ட வைத்தியரின் கடிதமும் கட்டாயம். நுளம்பு கடிக்காமல் பார்ப்பதும் அவருக்குக் கூடுதல் தேவை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியத்தோடு காத்திருக்கக்கூடாது. உள்ளூரவருக்கும் வெளியூரவருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு: காய்ச்சலோடு மூட்டு உளைந்தால் டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை டைக்குளோபினாக் போன்றவற்றைத் தொடாமல் பரசிற்றமோல் மட்டும் எடுக்கவேண்டும்.

இத்தனை ஏற்பாடும் ஒரு பொழுதுக் கதைக்கா என்ற கேள்வி வீட்டாரிடமிருந்து வரும். விடை வைத்தியத் துறையிலேயே இருக்கிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேற் லோரிக் மூட்டு நோயாளருக்கான பயிற்சி ஒன்றைத் தொடங்கினார்; நோயாளரே மற்ற நோயாளருக்குக் கற்பிக்கும் முறை அது. அதில் கலந்துகொண்டவர்களின் நோவு குறைந்தது. புதிய பழக்கங்களைவிட, ‘என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கையோடுதான் அந்தக் குறைவு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. 2010இல் யூலியான் ஹோல்ற்-லன்ஸ்ராட்டும் இணையாளர்களும் 148 ஆய்வுகளில் அடங்கிய மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்தபோது, உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. கூட்டாளியைப் பார்க்கப் போவதைக் கிளினிக் நாளுக்கு அடுத்த இடத்தில் வைப்பதற்கு இது போதுமான நியாயம்.

பொது ஏற்பாடுகளும் இங்கே பின்தங்கியே நிற்கின்றன. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே கிராமந்தோறும் முதியோர் சங்கங்கள் அமைந்தன. அவை நல்ல வேலை செய்கின்றன, ஆனால் ஊருக்குள்ளேயே கூடுகின்றன. வாவிக்கு அப்பால் உள்ள கூட்டாளி இன்னொரு சங்கத்தில் இருக்கிறார். இரண்டு கரைச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு வாகனம் பிடித்துச் சேர்ந்து கூடினால் செலவு பெரிதல்ல. பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. துறைகளையும் அந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும்: வழுக்காத சரிவு, ஒரு கைப்பிடி, மிதவையில் இரண்டு இருக்கை. மாணவர்களும் ஆசிரியர்களும் நாளாந்தம் கடக்கும் இடங்கள் அவை. பயன் முதியவர்களோடு நிற்காது.

போகவே முடியாதவருக்கும் வழி அடைபடவில்லை. விரல் வளையாதவர் தொலைபேசியில் எழுத்துத் தட்டத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம். ஆனால் அது இடைவெளியை நிரப்புவதற்கு. கூட்டாளி எழும்பி இங்கே வருவதற்கு ஈடாகாது. முழங்கால் நன்றாக உள்ளவரே வாவியைக் கடக்கவேண்டும் என்று இருவருக்குள்ளும் முறை மாற்றிக்கொள்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ‘நான் போனேன், அவர் வரவில்லை’ என்ற வருகைக் கணக்கை மூட்டு நோய் வந்த வீட்டோடு வைத்திருப்பது அநியாயம்.

பயணம் முடிந்த மறுநாள் நோவு சற்றுக் கூடுவது இயல்பு. ஒரு நாள் ஓய்விலும் ஒத்தடத்திலும் அது பழைய நிலைக்குத் திரும்பினால் போன தூரம் சரியான தூரம். இரண்டு மூன்று நாள் நீடித்தால் அடுத்தமுறை நேரத்தையோ நடையையோ குறைக்கவேண்டும், பயணத்தையே நிறுத்தவேண்டியதில்லை. தொடை முன்தசைக்கான பயிற்சியை இடையில் விடாமல் செய்தால் அடுத்த சரிவு கொஞ்சம் எளிதாகும். ஒரே மூட்டுத் திடீரென வீங்கிச் சிவந்து சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால் அது பயணக் களைப்பல்ல. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.